மானுக்கு வெள்ளாமை வைத்த மூன்று வருடம்

"மானுக்கா வெள்ளாமை வெக்கற?"

அப்பா போனில் இரண்டு தடவை கேட்டார். லைன் சரியில்லையோ என்று நினைத்து மறுபடியும் சொன்னேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. "ஏஞ்சாமி, மான் வந்து மேஞ்சுட்டுப் போயிருமேன்னுதான் உங்க தாத்தன் பரண் மேலயே கெடந்தாரு. நீ அங்க போயி அதுக்குன்னே வெதைக்கறயா?"

எங்களுக்குச் சத்தியமங்கலம் காட்டை ஒட்டிய ஊர். தாத்தா காலத்தில் கம்பும் சோளமும் கொள்ளும் போட்ட மானாவாரிக் காடு. கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் ராத்திரி முழுக்கப் பரண் காவல்தான். தகர டின்னைத் தட்டுவார்கள், கவண் வீசுவார்கள், தொண்டை கட்டும்வரை கத்துவார்கள். அந்த வீட்டுப் பேரன் நான், அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு மலைமேட்டில் 60 சென்ட்டை உழுது, மான் வந்து சாப்பிட வேண்டுமே என்று விதைத்து, அதை வேட்டையாட ஓரத்து மரத்தில் பரண் கட்டிக் காத்திருக்கிறேன். அப்பா சிரித்ததில் தப்பே இல்லை.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே கதை வேறு. வெள்ளைவால் மான் இந்தப் பக்கம் ஏராளம். மக்காச்சோளத்தையும் சோயாவையும் மேய்கிறது, ராத்திரியில் காரின் குறுக்கே பாய்கிறது. வருடத்துக்கு எத்தனை மான் எடுக்கலாம், எந்தப் பகுதியில் ஆண், எந்தப் பகுதியில் பெட்டை என்று மாநில இயற்கை வளத்துறை கணக்குப் போட்டு அனுமதிச் சீட்டு கொடுக்கிறது. 1973-ஆம் வருடத்திலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பாதுகாப்புப் பயிற்சியை முடித்தால்தான் வேட்டை உரிமம் வாங்க முடியும். வில் சீசன் செப்டம்பர் நடுவில் தொடங்குகிறது. துப்பாக்கிக்கு நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறையை ஒட்டி ஒன்பது நாள். எனக்குத் துப்பாக்கியில் ஈடுபாடு இல்லை. துப்பாக்கி மாதிரி விசையை அழுத்தி அம்பு எய்கிற குறுக்குவில்லை 2014 முதல் இங்கே எல்லோரும் பயன்படுத்தலாம் என்பதால் அதைப் பிடித்துக்கொண்டேன்.

நிலம் ரிச்லாண்ட் கவுண்டியில் இருக்கிறது. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. பனியுகத்தில் பனிப்பாறைகள் சுற்றியிருந்த எல்லாவற்றையும் தேய்த்துத் தட்டையாக்கியபோது இந்த மூலையை மட்டும் தொடாமல் விட்டுவிட்டன. அதனால் ஒரே மேடும் பள்ளமும்தான். 2019-ல் நாங்கள் வாங்கிய 20 ஏக்கரில் முக்கால்வாசி ஓக் மரக்காடு. வெயில் விழும் திறந்த இடம் இரண்டே இரண்டு: மேட்டில் 60 சென்ட், பள்ளத்தில் ஓடையோரமாக 25 சென்ட்.

"எதுக்குங்க இவ்வளவு பாடு? சோளத்தக் கொட்டி வெச்சா வந்துட்டுப் போகுது" என்றாள் மனைவி. அப்படிக் கொட்டக் கூடாது. சிடபிள்யூடி என்று மானின் மூளையை அரிக்கிற நோய் ஒன்று இருக்கிறது. அது இந்த மாநிலத்துக்குள் வந்துவிட்டதை 2002-ல் கண்டுபிடித்தார்கள். எங்கள் கவுண்டி அந்த நோய்ப் பகுதியின் நட்டநடுவில் இருக்கிறது. எச்சில், மூத்திரம் வழியாகப் பரவுகிறது, மண்ணிலும் வருடக்கணக்கில் தங்குகிறது. ஒரே குவியலில் பத்து மான் வாய் வைத்தால் என்ன ஆகும்? அதனால் நோய்ப் பகுதிகளில் தீனி குவிப்பதற்குத் தடை. முறையாக விதைத்து வளர்த்த பயிருக்குத் தடை இல்லை. பயிரிலும் மான்கள் கூடத்தானே செய்கின்றன என்று கேட்டால், ஆமாம், கூடத்தான் செய்கின்றன. குவியலுக்கும் 60 சென்ட் பரப்புக்கும் வித்தியாசம் உண்டு என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். முழு நிம்மதி இல்லை.

முதல் வருடம், 2020. எல்லாவற்றையும் தப்பாகச் செய்தேன்.

பள்ளத்து 25 சென்ட்டைத் தேர்ந்தெடுத்தேன். ஓடைத் தண்ணீர் பக்கம், மண் கறுப்பு, மான் கால்தடம் சேற்றில் அச்சு அச்சாகத் தெரிந்தது. வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். மண் பரிசோதனை செய்யவில்லை. விவசாயி மகனுக்குப் பரிசோதனை எதற்கு என்ற திமிர்தான். வாடகைக்கு எடுத்த ரொட்டவேட்டரால் நாலு சால் ஓட்டி மண்ணை மாவாக்கினேன். அதுவரை ஆழத்தில் புதைந்து கிடந்த களை விதைகள் எல்லாம் மேலே வந்தது மட்டும்தான் மிச்சம்.

பிறகு விதை. முதல் தடவை போடுகிறவர்கள் குளிர்கால ரை போட்டால் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். கோதுமைக்குச் சொந்தக்காரத் தானியம் அது. எந்த மண்ணிலும் முளைக்கும், பனியிலும் பச்சையாக நிற்கும், விலையும் குறைவு. கடைக்குப் போனேன். மூட்டையில் 'ரை' என்ற எழுத்தைப் பார்த்ததும் தூக்கி வண்டியில் போட்டேன். அதற்குப் பக்கத்திலேயே 'கிராஸ்' என்றும் எழுதியிருந்ததை நான் கவனிக்கவில்லை. ரை வேறு, ரைகிராஸ் வேறு. முதலாவது தானியம். இரண்டாவது புல்வெளிக்குப் போடுகிற புல். மான் அதைப் பெரிதாகச் சட்டை செய்யாது, தானே விதை உதிர்த்து அடுத்த வருடமும் முளைத்துத் தொல்லை கொடுக்கும். விதையைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ரை விதை கோதுமை போலக் குண்டாக இருக்கும். ரைகிராஸ் விதை பதர் மாதிரி, ஊதினால் பறக்கும். அப்பா எந்த விதை வாங்கினாலும் உள்ளங்கையில் கொட்டித் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பார்.

மூன்று வாரத்தில் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி வளர்ந்தது. பெருமையாகப் படம் எடுத்துப் பக்கத்து நிலத்துக்காரரிடம் காட்டினேன். எழுபது வயதைத் தாண்டியவர், நாற்பது வருடம் பால்மாடு வைத்திருந்தவர். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். "கால்ஃப் விளையாடப் போகிறாயா?" என்றார்.

அதைவிடப் பெரிய பாடம் காற்று. அக்டோபரில் பள்ளத்து ஓரமாகப் பரண் ஏறி உட்கார்ந்தேன். வானிலைச் செயலியில் மேற்குக் காற்று என்று போட்டிருந்தது. மான் வருகிற திசை வடக்கு. கணக்குச் சரி. ஆனால் பொழுது சாய்ந்ததும் மேட்டிலிருந்து குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கத் தொடங்கியது. வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட மாதிரிதான். பள்ளத்துக்குள் வந்து சுழன்று, என் வாடையை நாலு பக்கமும் சுமந்துகொண்டு போயிருக்கிறது. இருட்டும் நேரத்தில் இருபது அடி தூரத்துப் புதரிலிருந்து 'ஃபூஷ்' என்று ஒரு சீறல். ஒரு பெட்டை மான் முன்னங்காலைத் தரையில் டக் டக்கென்று தட்டியது. அப்புறம் வெள்ளை வாலைக் கொடியாகத் தூக்கிக்கொண்டு பாய்ச்சல். அதன் பின்னால் நான் பார்க்கவே இல்லாத இன்னும் மூன்று. அந்த சீசன் முழுக்க அந்தப் பள்ளத்தில் பகலில் ஒரு மானும் கால் வைக்கவில்லை. அங்கே வைத்திருந்த தானியங்கிக் கேமராவில் பார்த்தால் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் வந்தன.

காற்றுப் பார்க்க இங்கே மில்க்வீட் பஞ்சைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்கள். நம் எருக்குக்குத் தூரத்துச் சொந்தம் அந்தச் செடி. காய் வெடித்தால் அதே பட்டுப் பஞ்சுதான். ஒரு இழையைப் பரணிலிருந்து விட்டால் மெதுவாக மிதந்து போய், ஐம்பது அடி தள்ளித் திடீரென்று வளைந்து கீழே இறங்குவது கண்ணுக்கே தெரியும். செயலி சொல்வது ஊர்க் காற்று. பஞ்சு காட்டுவது நம் மரத்தடிக் காற்று. அன்றிலிருந்து எனக்குப் பஞ்சுதான் கணக்கு.

இரண்டாம் வருடம் மேட்டுக்குப் போனேன். இந்தத் தடவை மண்ணைச் சோதித்தேன். 60 சென்ட்டில் பன்னிரண்டு இடத்தில் ஆறு அங்குல ஆழத்துக்கு எடுத்து, வாளியில் கலந்து, நிழலில் உலர்த்திப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அனுப்பினேன். கார அமில நிலை 5.4 என்று வந்தது. நல்ல புளிப்பு மண். மான் விரும்பித் தின்கிற குளோவர் தீவனத்துக்கு 6-க்கு மேல் வேண்டும், 6.5 இருந்தால் நல்லது. புளிப்பு மண்ணில் உரத்தைக் கொட்டினாலும் பயிரால் சரியாக எடுத்துக்கொள்ள முடியாது. பாதிக் காசு மண்ணோடு போகும்.

ஏக்கருக்கு இரண்டு டன் சுண்ணாம்பு போடச் சொன்னார்கள். என் 60 சென்ட்டுக்கு 2,400 பவுண்டு, அதாவது 40 பவுண்டு மூட்டையில் அறுபது மூட்டை. நாலு நடையில் கொண்டுவந்து, கைவண்டியில் மேட்டுக்குத் தள்ளி, கையால் சுற்றுகிற சின்னத் தூவியில் போட்டேன். பதினெட்டாவது மூட்டையில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பக்கத்து நிலத்துக்காரர் வேலிப்பக்கமாக வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அரை மணியில் டிராக்டர் சத்தம். பின்னால் தூவும் எந்திரம் மாட்டியிருந்தது. மீதி நாற்பத்திரண்டு மூட்டையும் இருபது நிமிடத்தில் முடிந்தது. "கேட்டிருக்கலாமே" என்றார். அதுதான் அவர் செய்த ஒரே உபதேசம். சுண்ணாம்பு மண்ணில் வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும். விதைக்கப் போகிற வருடத்துக்கு முந்தின இலையுதிர் காலத்திலேயே போட்டுவிடுவது நல்லது. நான் வசந்தத்தில் போட்டேன், அந்த வருடம் பாதிப் பலன்தான்.

முப்பது சென்ட்டில் குளோவர், மீதி முப்பதில் முள்ளங்கி மாதிரி கிழங்கு விடுகிற டர்னிப். டர்னிப்பை இந்தப் பக்கம் ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் முதல் வாரத்தில் விதைக்க வேண்டும். பனி விழுவதற்குள் கிழங்கு திரள அறுபது நாளாவது வேண்டும். விதைக்க இரண்டு வாரம் முன்பே களைக்கொல்லி அடித்தாயிற்று. விதை அளவு ஏக்கருக்கு ஐந்து பவுண்டு, அப்படியானால் எனக்கு ஒன்றரை பவுண்டு. கடுகு மாதிரிச் சின்ன விதை. ஒன்றரை பவுண்டைக் கையில் வாங்கினால் மனசு ஒப்பவில்லை. இதைப் போய் முப்பது சென்ட்டுக்கா? ஐந்து பவுண்டுப் பை முழுவதையும் வீசிவிட்டேன்.

முளைப்பு என்னவோ அபாரம். நெருக்கமோ நெருக்கம். ஒன்றை ஒன்று முட்டி, மூச்சு விட இடமில்லாமல், அக்டோபரில் பிடுங்கினால் கிழங்கு சின்ன வெங்காயம் அளவுக்கு இருந்தது. அப்பாவிடம் சொன்னேன். "எள்ளு வெதைக்கறப்ப என்ன பண்ணுவோம்? மணலக் கலந்து வீசோணும். கை நெறைய இருந்தாத்தான் கை ஒழுங்கா வீசும்" என்றார். இதற்கு எதற்கு நான் நாலு ராத்திரி வீடியோ பார்த்தேன்? அடுத்த வருடம் ஒரு பங்கு விதைக்கு ஐந்து பங்கு உலர்ந்த மணல். முதலில் கிழக்கு மேற்காகப் பாதி, அப்புறம் தெற்கு வடக்காகப் பாதி. கிழங்கு கைக்கு அடங்கவில்லை.

சின்ன விதையை ஆழமாகவும் மூடக் கூடாது. கால் அங்குலத்துக்குமேல் மண் ஏறினால் முளை வெளியே வரத் திணறும். விதைப்பதற்கு முன் மண்ணில் பூட்ஸ் காலால் மிதித்துப் பார்ப்பேன். பாதம் அரை அங்குலத்துக்குமேல் புதைந்தால் மண் இன்னும் பொலபொலவென்று இருக்கிறது, ஒரு தடவை உருளை ஓட்டிவிட்டுத்தான் விதைக்க வேண்டும். விதைத்த பிறகு மறுபடி உருளை. உருளை இல்லாவிட்டால் கார் டயரே போதும், நான் அப்படியும் செய்திருக்கிறேன். டர்னிப்புக்குத் தழைச்சத்து நிறைய வேண்டும். யூரியாவை மழைக்கு முந்தின நாள் தூவ வேண்டும். வெயிலில் மண்மேல் கிடந்தால் காற்றோடு போய்விடும். குளோவர் அவரை இனம், தனக்கான தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும். அதற்கு யூரியா போட்டால் களைதான் கொழுக்கும்.

குளோவரை மார்ச்சில் விதைக்கிற முறை ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. உழவே வேண்டாம். ராத்திரி உறைந்து பகலில் இளகுகிற நாட்களில் மண் தேன்கூடு போல விரிந்து வெடிக்கும். அந்தக் காலையில் மிச்சப் பனிமேல் விதையைத் தூவினால் தயிர்சாதத்தில் கடுகு தாளித்த மாதிரி இருக்கும். நாலு நாளில் பனி இளகும்போது மண்ணே விதையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பயிரின் நடுவில் கம்பி வலையை வளைத்து மூன்றடி அகலத்தில் ஒரு கூண்டு வைத்தேன். ஆகும் செலவு ரொம்பக் கொஞ்சம், சொல்லித்தருவது நிறைய. கூண்டுக்குள்ளே குளோவர் முழங்கால் உயரம், வெளியே கணுக்கால் உயரம் என்றால் மான் தின்கிறது என்று அர்த்தம். இரண்டும் ஒரே உயரம் என்றால் தின்னவில்லை.

அந்த வருடம் செப்டம்பர் கடைசியில் இரண்டும் ஒரே உயரம். பயிர் தளதளவென்று நிற்கிறது, மான் எட்டிப் பார்க்கவில்லை. விதையா, உரமா, என் வாடையா என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். பக்கத்து நிலத்துக்காரர் பயிரைப் பார்க்கவே இல்லை. காட்டுக்குள் கூட்டிப்போய் வெள்ளை ஓக் மரத்தடியைப் பூட்ஸால் கிளறிக் காட்டினார். தரை முழுக்க ஏகார்ன் கொட்டைகள், கோலிக்குண்டு கொட்டின மாதிரி. ஓக் நன்றாகக் காய்த்த வருடத்தில் மான் வயலைத் திரும்பிப் பார்க்காது. வீட்டில் பிரியாணி இருக்கும்போது உப்புமாவை யார் தொடுவார்கள்? கொட்டை தீரும்வரை பரணை வயலோரத்திலிருந்து ஓக் மரத்துக்கு மாற்ற வேண்டியதுதான். டர்னிப் இலையையும் மான் உறைபனிக்குப் பிறகுதான் பிரியமாகத் தின்கிறது. குளிரில் இலையில் இனிப்பு ஏறிவிடும் என்கிறார்கள். நான் கடித்துப் பார்த்தேன். உண்மைதான், காரம் குறைந்திருந்தது.

மூன்றாம் வருடம் விதைக்கு அதிகம் மெனக்கெடவில்லை. போகிற வழி, வருகிற வழி, இதற்குத்தான் மூளையைச் செலவழித்தேன். இதைத்தான் நான் முதல் வருடமே செய்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து பரணுக்கு நேர்வழி வயலைத் தாண்டித்தான். நான் போன தடத்தில் என் வாடை மணிக்கணக்கில் கிடக்கும். அதனால் ஓடை வழியாகச் சுற்றிப் பின்பக்கமாக ஏறினேன், பதினைந்து நிமிடம் கூடுதல். வயலோரமாகப் பத்தடி அகலத்தில் உயரச் சோளம் போட்டேன். கதிருக்காக இல்லை, தட்டு எட்டடி வளர்ந்து என்னை மறைப்பதற்காக. காற்று ஒத்துவராத நாளில் பரணுக்குப் போவதே இல்லை. சனிக்கிழமை லீவு, வானம் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் காற்று தெற்கு. வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதுதான் இந்த விவகாரத்தில் கஷ்டமான வேலை.

இறங்குவது இன்னொரு சிக்கல். இருட்டியதும் வயலில் ஏழெட்டு மான் மேய்ந்துகொண்டிருக்கும். நான் மரத்திலிருந்து இறங்கினால் பார்த்துவிடும், பார்த்தால் அந்த மரத்தை மறக்காது. அதற்குப் பக்கத்து நிலத்துக்காரர் ஒரு வழி சொன்னார். போனில் ஒரு மெசேஜ் அனுப்பினால் தன் பழைய வண்டியை வயலோரமாக ஓட்டி வருவார். மான்கள் வண்டியைப் பார்த்து ஒதுங்கும். வண்டி அவற்றுக்குப் பழக்கம், தினமும் பார்க்கிற சமாச்சாரம். அந்த நேரத்தில் நான் இறங்கி ஏறிக்கொள்வேன். மறுநாள் சாயங்காலம் அதே மான்கள் அதே நேரத்துக்கு வந்தன.

பரண் ஏறுகிறவர்கள் இடுப்பையும் தோளையும் சேர்த்துக் கட்டுகிற பாதுகாப்பு வாரை ஏறும்போதே மாட்டுங்கள், மேலே போன பிறகு அல்ல. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் விழுகிறார்கள். என் கால் ஒரு தடவை உறைபனி ஏணிப்படியில் வழுக்கியது. வார் பிடித்தது. வீட்டில் இதுவரை சொல்லவில்லை.

அக்டோபர் கடைசி வாரம். வடமேற்குக் காற்று, முந்தின ராத்திரி கடும் உறைபனி. சூரியன் மறையக் கால்மணி இருக்கும்போது ஒரு வயதான பெட்டை மான் தனியாக டர்னிப் பக்கம் வந்தது. என்னிடம் கொம்பில்லாத மானுக்கான சீட்டு இருந்தது. இருபத்திரண்டு கஜம். இலையை இழுத்துக் கிழிக்கிற சத்தம் பரண்வரை கேட்டது. மூச்சைப் பாதி விட்டு விசையை அழுத்தினேன். நாற்பது கஜம் ஓடிக் காட்டோரத்தில் விழுந்தது. கொஞ்ச நேரம் இறங்கவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது. சந்தோஷம் என்று சொல்லிவிட முடியாது, வருத்தம் என்றும் சொல்ல முடியாது.

எடுத்த மானை மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் போனிலோ இணையத்திலோ பதிவு செய்ய வேண்டும். தலையை இயற்கை வளத்துறை வைத்திருக்கிற பெட்டியில் போட்டேன். கழுத்து நிணநீர்க் கணுவைச் சோதித்து நோய் உண்டா என்று சொல்வார்கள், செலவில்லை. முடிவு வரும்வரை கறி ஃப்ரீசரில். நோய் உள்ள கறியைத் தின்று மனிதருக்கு வந்ததாக உறுதியான சான்று இல்லை, ஆனாலும் தின்ன வேண்டாம் என்றுதான் சுகாதாரத் துறை சொல்கிறது. நோய் இல்லை என்று தகவல் வந்த அன்று மனைவி குக்கரில் வைத்தாள். மான்கறியில் கொழுப்பே இல்லை, வறட்டினால் ரப்பராகிவிடும். நல்லெண்ணெய் தாராளமாக, சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், வரமிளகாய். பக்கத்து நிலத்துக்காரர் இரண்டு டம்ளர் மோர் குடித்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

அந்த டர்னிப் வயலில் மானுக்குப் போக மிச்சம் ஏராளம். கைக்கு அடங்காத கிழங்கில் பத்தைப் பிடுங்கிவந்து நூக்கோல் மாதிரி நறுக்கிச் சாம்பாரில் போட்டோம்.

ஜனவரியில் கேமராப் படங்களை அப்பாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். முழங்கால் பனி. ஒன்பது மான்கள் குளம்பால் பனியைத் தோண்டித் தோண்டிக் கிழங்கைக் கடித்துக்கொண்டிருந்தன. என் வேட்டை முடிந்திருந்தது. அப்பா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒன்று, இரண்டு என்று எண்ணினார். ஒன்பது வந்ததும், "அட, பூரா திங்குதே! டேய், முடுக்குடா!" என்று கத்திவிட்டார்.